மூத்த தாரத்தின் மீன்கள்

கலியாணம் முடிந்து அந்த வீட்டுக்குப் போன அன்று எனக்கு முதலில் காட்டப்பட்டது குசினி அல்ல, மீன்தொட்டி. ஹோலுக்குள் நுழைந்ததும் சுவரோரமாக ஒரு மேசைமேல் அது இருந்தது. கண்ணாடி விளிம்புகளுக்குத் தகரச் சட்டம் அடித்திருந்தது. உள்ளே கப்பி மீன்கள். வாலில் சிவப்பும் நீலமும் தெறித்த ஆண்கள் சின்னதாக இருந்தன. நிறமே இல்லாத பெண்கள் அவற்றைவிடப் பெரியவை. என் கணவர் சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் நின்றார்.

“இது அவ வளர்த்தது. இதுகள் குறையக் கூடாது” என்றார்.

அவ என்பது அவருடைய முதல் மனைவி. நெருப்புக் காய்ச்சலில் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் பார்ப்பது அவர் வேலை. அன்புவழிபுரத்தில் சொந்த வீடு, பதினொரு வயதில் ஒரு மகள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. உப்புவெளியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பேசி வந்த இரண்டு கலியாணமும் குழம்பிப் போயிருந்தன. அதனால் இவரைப் பற்றிக் கதை வந்தபோது என்னைக் கேட்கும் முன்னரே அண்ணி ஓம் என்று சொல்லிவிட்டார்.

மகள் தொட்டியின் மறுபக்கத்தில் நின்றாள். மெலிந்த பிள்ளை. நான் சிரித்தேன். அவள் குனிந்து மீன்களைப் பார்த்தாள்.

“மகளுக்கு எல்லாம் தெரியும். அவளிட்டக் கேட்டுச் செய்யும்” என்று எனக்குச் சொல்லிவிட்டு அவர் உடுப்பு மாற்றப் போனார்.

கப்பி முட்டை இடுவதில்லை. குஞ்சாகவே போடும். போட்ட குஞ்சை மற்ற மீன்கள் தின்றுவிடும், தாயே திரும்பித் தின்றுவிடும். அதனால் வயிற்றில் குஞ்சு உள்ள மீனை நேரம் பார்த்துப் பிரித்தெடுத்து, பாசி போட்ட பெரிய போத்தல் ஒன்றில் விடவேண்டும். குஞ்சு போட்டு முடிந்ததும் தாயைத் திரும்பத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இவ்வளவையும் அவர் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொன்னார். புது மனைவிக்கு அவர் சொன்ன வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

சில நாட்களில் ஒரு மீனின் வயிறு ஊதிக்கொண்டு வந்தது. வாலுக்குக் கிட்ட வயிற்றடியில் ஒரு கறுத்த பொட்டு. அது நாளுக்கு நாள் பெரிதாகியது. கப்பல் வந்திருந்ததால் அவர் வீட்டில் இல்லை. நான் மகளைக் கூப்பிட்டு, போத்தலுக்கு எந்தத் தண்ணீர் விடுவது என்று கேட்டேன்.

“கிணத்துத் தண்ணிதான். அள்ளின உடனை விடோணும். அம்மா அப்பிடித்தான் விடுறவ.”

காலையில் கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீர் கை விறைக்கும் குளிர். அதைப் போத்தலில் நிறைத்து மீனைப் பிடித்து விட்டேன். அது ஒரு பக்கமாகச் சரிந்தது. பிறகு விறைத்துப்போய் அடிக்குப் போனது. மத்தியானத்துக்குள் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைப் போட்டது. எல்லாம் கண் மட்டும் தெரியும் வெள்ளைப் பருக்கைகள். ஒன்றும் அசையவில்லை. பின்னேரம் தாயும் மிதந்தது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து போத்தலைப் பார்த்தாள். பிறகு போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அவர் வந்து பார்த்தபோது கத்தவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அவ இருந்த காலத்தில ஒண்டும் இப்பிடிச் சாகேல்லை” என்றார். மகள் பக்கத்தில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். பிள்ளை தெரியாமல் சொல்லியிருக்கும் என்று நினைத்து அவளைக் காட்டிக் கொடுக்காமல் விட்டேன்.

அடுத்த மீனுக்குத் தண்ணீரை முதல்நாளே அள்ளி வைத்தேன், அது என் சொந்த யோசனை. சாப்பாட்டுக்கு என்ன போடுவது என்று மகளைக் கேட்டேன். அவித்த முட்டையின் மஞ்சள் கரு என்றாள். “நல்லாப் போடுங்கோ. வயித்தில பிள்ளை இருக்கெல்லே” என்றாள். அது அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம். வீட்டில் இருந்த ஒரே பேட்டுக்கோழி நினைத்த நாளில்தான் முட்டை இடும். அந்த முட்டையை அவித்து, கருவை நசித்து மீனுக்குப் போட்டேன். வெள்ளையை மகள் சாப்பிட்டாள். அடுத்த நாள் காலை போத்தல் தண்ணீர் பாலாகக் கலங்கி நாறியது. மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. நான் தண்ணீர் மாற்றுவதற்குள் செத்துவிட்டது.

இந்த முறை அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சோற்றை நான் வைத்தால் தொடமாட்டார், மகள் எடுத்து வைத்தால் சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது என் கணவர் தொட்டியைக் காட்டி, “இவவுக்கு மீனையே பார்க்கத் தெரியாது. நாளைக்கு ஒரு பிள்ளை குட்டி எண்டு வந்தால் என்ன செய்யப்போறாவோ” என்றார். சிநேகிதர் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அலுமாரிப் பக்கம் நின்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் முகம் ஆறியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலை நான் குளிக்கப் போனேன். எங்கள் வீட்டில் கிணற்றடியோடு ஓலையால் மறைத்த குளிக்கும் இடம் இருந்தது. அதன் பின்புறம் உடைந்த சீமெந்துத் தொட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சவர்க்காரம் கைதவறி அங்கே உருண்டுவிட்டது. எடுக்கப் போனபோது அந்தத் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு போத்தலைக் கண்டேன். வாயில் துணி கட்டியிருந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. பாசிக்குள்ளே குஞ்சுகள் நின்றன, ஊசி முனைபோல, எண்ணமுடியாத அளவில். பக்கத்தில் ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வெயிலில் வைக்கப்பட்டிருந்தது. ஒரு சிரட்டையில் நுளம்புப் புழுக்கள் நெளிந்தன.

நான் போத்தலைத் தொடவில்லை. அவள் பள்ளிக்கூடத்தால் வரும்வரை பொறுத்திருந்து, கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

“ஏன் எனக்குப் பிழையாச் சொன்னனீ?” என்று கேட்டேன்.

“நீங்கள் கேட்டனீங்கள், சொன்னனான்.”

“செத்தது உன்ர அம்மாவின்ர மீன்தானே?”

அவள் குனிந்து துணியைச் சரியாகக் கட்டினாள். “நல்லதுகளை நான் முதலே எடுத்திட்டன். மிச்சத்தைத்தான் உங்களுக்கு விட்டனான்” என்றாள்.

பயப்படாமல், அழாமல், நிலத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் அவளை அடிக்கவில்லை. பதினொரு வயதில் ஒரு பிள்ளை, தன் தாயின் மீன்களில் எதைச் சாகவிடலாம் என்று தெரிந்தெடுத்து எனக்குத் தந்திருந்தது. அவரிடம் சொல்லலாம் என்று யோசித்தேன். சொன்னால் அவர் யாரை நம்புவார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் நான் அவளிடம் கேட்பதை விட்டேன். அவள் செய்வதைக் குசினி யன்னலால் பார்த்துப் பழகினேன். தண்ணீரை இரண்டு நாள் வெயிலிலும் நிழலிலும் வைத்தேன். வாளிகளில் நுளம்பு முட்டையிட விட்டேன். வயிறு வெறுமனே ஊதினால் போதாது, முன்பக்கம் பெட்டிபோலச் சதுரமாகும்போதுதான் நாள் கிட்டிவிட்டது என்று கண்டுபிடித்தேன். அப்போது மீன் மற்றவற்றோடு சேராமல் ஒரு மூலையில் போய் நிற்கும். ஆண் மீன்கள் விடாமல் துரத்தும், அது சலித்துப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வலையால் துரத்திப் பிடித்தால் பயத்தில் நாள் வரமுன்னரே போட்டுவிடும். அதனால் ஒரு கோப்பையை மெல்லத் தாழ்த்தி, தண்ணீரோடு சேர்த்து அள்ளவேண்டும். போத்தலைச் சுற்றி ஒரு பழைய சேலைத் துண்டைக் கட்டி இருட்டாக்கினேன்.

அந்த முறை நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். வயிற்றடியிலிருந்து ஒரு சுருண்ட துளி வெளியே வந்தது. கீழே விழும்போதே அது விரிந்தது. அடியில் ஒரு கணம் கிடந்துவிட்டு, திடீரென்று பாசிக்குள் பாய்ந்தது. பிறகு இன்னொன்று. நாலாவதை அல்லது ஐந்தாவதைத் தாய் திரும்பிப் பார்த்தது, பிறகு விழுங்கிவிட்டது. அதற்குப் பசி இருந்திருக்காது. காலையில்தான் நிறையப் போட்டிருந்தேன். நான் போத்தலைத் தட்டினேன். அது விலகிப் போய் அடுத்ததைப் போட்டது. எல்லாம் முடிந்து தாயை எடுத்தபோது முப்பதுக்குக் கிட்ட உயிரோடு இருந்தன.

அவர் வந்து பார்த்தார். எனக்கு ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன். “மகள் சொல்லித் தந்திருப்பாள்” என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

அடுத்த வருடம் நான் உண்டானேன். முட்டை அப்போதும் மீனுக்குத்தான் போனது. ஒருநாள் நானே கேட்டேன், இன்றைக்கு முட்டையை நான் சாப்பிடட்டுமா என்று. “அதுகள் வாயில்லாத சீவன்” என்றார் அவர். எட்டாம் மாதம்வரை மீன்களுக்குத் தண்ணீர் மாற்றியது நான்தான். குனிய ஏலாமல் போனபிறகு அவர் அந்த வேலையை மகளுக்குக் கொடுத்தார். அவளுக்கு அப்போது பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. என் வயிற்றை அவள் நேராகப் பார்த்ததில்லை. நான் நடந்து போகும்போது வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள், அவ்வளவுதான்.

பிள்ளைப்பேற்றுக்கு நாள் இன்னும் இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை. துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்திருந்ததால் அவர் மறுநாள்தான் வருவார். காலைத் தேத்தண்ணீருக்குப் பிறகு எனக்கு நோ தொடங்கியது. முதலில் முதுகில், பிறகு அடிவயிற்றில். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன். மருத்துவிச்சியின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவள் வாசலில் நின்று செருப்பைப் போட்டாள். ஒரு வார் கழன்றிருந்தது. அதைக் குனிந்து மாட்டிக்கொண்டு நின்றாள். பிறகு படலை சாத்தும் சத்தம் கேட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் நிலத்தில் கிடந்தேன். அவள் வந்து கதவடியில் நின்றாள்.

“அவ இல்லை. கிண்ணியாவுக்குப் போட்டாவாம்” என்றாள்.

கிண்ணியாவுக்கு என்றால் துறையில் நின்று பாதைப் படகு ஏறிப் போய் வரவேண்டும், பொழுதுபட்டுவிடும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடு என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், வாயால் வந்ததோ தெரியாது. அவள் ஹோலுக்குப் போனாள். திறந்த கதவால் எனக்கு அவள் தெரிந்தாள். தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கோப்பையைத் தண்ணீருக்குள் மெல்லத் தாழ்த்தி ஒரு மீனை அள்ளிப் போத்தலில் விட்டாள். சேலைத் துண்டை எடுத்து அதைச் சுற்றிக் கட்டினாள். நான் கத்தினேன். அவள் திரும்பவில்லை.

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட வந்த அக்காவுக்கு என் சத்தம் கேட்டிருக்கிறது. அவர்தான் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தவர். அதற்குமுன் அவர் ஒரு பிள்ளைப்பேறும் பார்த்ததில்லை. ஆனாலும் அவரே மகனை எடுத்தார். எனக்கு இரத்தம் நிற்கவில்லை. யாரோ கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மகன் இரண்டு கைக்குள் அடங்கும் அளவில் இருந்தான், ஆனால் உயிரோடு இருந்தான். இனி எனக்குப் பிள்ளை தங்காது என்று அங்கே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மருத்துவிச்சி பார்க்க வந்தார். வயதான, நல்ல மனிசி. என் பக்கத்தில் இருந்து மகனைத் தடவினார்.

“பிள்ளை, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பியிருக்கலாமே. அண்டைக்கு முழுக்க நான் வீட்டிலதான். முத்தத்தில மா வறுத்துக்கொண்டு இருந்தனான்” என்றார்.

யன்னலுக்கு வெளியே மகள் நின்றாள். கேட்டிருப்பாள். என் கணவர் கிணற்றடியில் முகம் வழித்துக்கொண்டிருந்தார். நான் மருத்துவிச்சியிடம், அவதியில் நினைவு வரவில்லை என்று சொன்னேன். கணவரிடமும் நான் நடந்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு அடியோடு முடிந்திருக்கும். அது எனக்குப் போதாது.

மகனை நான் ஒருநாளும் அவளிடம் தூக்கக் கொடுக்கவில்லை. அவள் வரும்போது தொட்டிலைத் திருப்பி வைப்பேன். மீன் வேலையை அவளிடமிருந்து திரும்ப எடுத்தேன். இனித் தொட்டியில் கை வைக்கக் கூடாது என்று அவர் முன்னாலேயே சொன்னேன். பெரிய பிள்ளையாகிவிட்டாள், படிக்கட்டும் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. அவள் எடுத்து வளர்த்த மீன்களில் மிக அழகான ஒன்றுக்கு வயிறு சதுரமாகி வந்தபோது, நான் அதைப் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்த அவள் தொட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் ஒவ்வொன்றாக விழ விழ மற்ற மீன்கள் கூடி நின்று தின்றன. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். குஞ்செல்லாம் எங்கே என்று அவர் கேட்டபோது, உங்கட மகளைக் கேளுங்கோ என்றேன். அவள் தொட்டியைத் தொட்டிருப்பாள் என்று நினைத்து அவர் அவளைக் கன்னத்தில் அறைந்தார். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் எதற்காக அப்படிச் செய்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இப்படி ஐந்தாறு வருடம் போனது. தொட்டியின் ஒரு மூலை கசியத் தொடங்கியது. அவர் தார் வைத்து அடைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. மிச்சமிருந்த மீன்களை வாளியில் அள்ளிக் கிணற்றில் ஊற்றினார். அதற்குள் அவருக்கும் அந்த அக்கறை போயிருந்தது.

பத்தொன்பது வயதில் அவளைத் தம்பலகாமத்தில் வயலும் டிராக்டரும் உள்ள ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தோம். அடுத்த வருடம் உண்டானாள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெறவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். தாய்வீடு என்றால் நான்தான். ஏழாம் மாதம் ஒரு சூட்கேசோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

அவளுக்குச் செய்யவேண்டிய எதிலும் நான் குறை வைக்கவில்லை. மீன் குழம்பு, முருங்கை இலை, காலையில் முட்டை, எல்லாம் நேரத்துக்கு நேரம் வைத்தேன். எங்களுக்குள் கதைதான் இல்லை. ஒருநாள் மத்தியானம், அவர் வேலைக்கும் மகன் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரம், அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். நான் பாகற்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கே நின்றபடியே கேட்டாள்.

“எனக்கு நோ வந்தால், நீங்கள் ஆள் கூப்பிடப் போவியளோ?”

நான் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். துடைத்தேன்.

“பார்ப்பம்” என்றேன்.

அவள் கதவுநிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கால் வீங்கி இருந்தும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் வேலியடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அக்கா நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தாள். அக்கா ஒரு கலியாண வீட்டுக்கு மட்டக்களப்புக்குப் போனபோது அவள் முகத்தில் இரத்தமே இல்லை. ஒரு சொல்லில் நான் அதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு நித்திரை கெட்டதில்லை.

அக்கா வரமுன்னரே நோ வந்துவிட்டது. நல்ல வெயில் நேரம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். நான் அலுமாரியைத் திறந்து வெளியே போகும் சேலை ஒன்றை எடுத்தேன். அவள் முன்னாலேயே நின்று, கொய்யகம் வைத்து, மடிப்பு மடிப்பாகக் கட்டினேன். குத்தூசி குத்தினேன். அவள் கண் என் விரல்களை விட்டு விலகவில்லை. அந்த நேரம் அவளுக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் அங்கே கிடந்தவள். பிறகு படலையைத் திறந்து சந்திக்கு நடந்தேன். ஓடவில்லை. வழமையாக நடக்கும் நடைதான். சந்தியில் நின்ற காரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

படலையில் கார்ச் சத்தம் கேட்டபோதுதான் அவள் அழத் தொடங்கினாள். காருக்குள் பிடிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்து இரத்தம் கன்றியது. நான் இழுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி என்னைப் பார்த்து, நீங்கள் அம்மாவோ என்று கேட்டாள்.

“இல்லை. அப்பாவின்ர மனிசி” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பெண்பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்வரை நான் சூட்கேசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு இருக்க இடம் கிடைத்தது.

இரண்டாவது பிள்ளைக்கு அவள் வரவில்லை. தலைப்பிள்ளைக்குத்தான் தாய்வீடு, மற்றதுக்கு வரவேண்டும் என்றில்லை. ஆனால் வழமையில் எல்லோரும் வருவார்கள். அவள் பிள்ளை பெற்ற செய்தியைத் தம்பலகாமத்திலிருந்து நெல் விற்க வந்த ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். இந்தமுறை ஏன் இஞ்சை வரேல்லை என்று அவர் என்னைக் கேட்டார். தூரம்தானே என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஓம் ஓம், தூரம்தான் என்றார்.